தண்ணீருக்கு மேலே ஒரு கண்ணாடி

என் கணவர் பெயர் கியெம். எங்கள் வியட்நாம் மொழியில் அதற்குச் சிக்கனம் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் ஏமாறவில்லை. திரா மி மலையடிவாரத்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து "ஹோய் ஆன் ஊரைப் பார்க்கணும்" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வண்டியில் அரைநாள் போனால் வந்துவிடும் ஊர். ஒருவழியாக அவர் சம்மதித்தது அடைமழைக் காலத்தில். அப்போதுதான் அறை வாடகை பாதியாகக் குறையுமாம்.

அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆற்றங்கரைத் தெருவில் துணிக்கடை வைத்திருந்த திரிங் அக்கா, கடைக்குப் பின்னாலிருந்த அறையை எங்களுக்கு விட்டார். ஐம்பதைத் தாண்டியவர், தனி ஆள். மகள் சைகோனில் வேலை பார்க்கிறாள்.

"இந்த மழையிலயா ஊர் பார்க்க வந்தீங்க?" என்றார்.

"வாடகை கம்மின்னு வந்தோம், அக்கா," என்றார் கியெம், கூச்சமே இல்லாமல்.

அக்கா சிரித்துவிட்டார். "நெசத்தச் சொல்ற ஆளு. நல்லா இரு, தம்பி."

அன்று மஞ்சள் சுவர்த் தெருக்களில் நடந்தோம். ஒரு கிண்ணம் காவ் லாவ் நூடுல்ஸ் வாங்கி இரண்டு பேரும் பகிர்ந்து தின்றோம். படித்துறையில் லியெவ் என்ற படகுக்காரி, "வா தங்கச்சி, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்," என்று என்னைக் கூப்பிட்டாள். நான் கியெமைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"ஆறு இங்கேர்ந்தே நல்லாத்தான் தெரியுது, நியுங்."

கோபத்தில் நான் அவரை விட்டுவிட்டு விறுவிறுவென்று அறைக்கு நடந்தேன்.

விடிந்தபோது ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மலையில் கொட்டிய மழை இறங்கி வருகிறதாம். தெருக்காரர்கள் வண்டிகளை மேட்டுத்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் வண்டி பக்கத்துச் சந்தில் ஒரு உயரமான திண்ணைமேல் நின்றது. அதை எடுக்கத்தான் கியெம் வெளியே வந்தார். ஆனால் கடைக்குள் திரிங் அக்கா ஒரு பெரிய துணிச்சுருளைத் தூக்க முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, வைங்க கீழே. நான் தூக்கறேன்."

கடையின் மேல்தளத் தரையில், வெள்ளத்தின்போது சாமான் ஏற்றவென்றே ஒரு பலகைக் கதவு உண்டு. அதைத் திறந்து கயிறு விட்டோம். அவர் கீழே நின்று கட்டிக் கொடுக்க, அக்காவும் நானும் மேலேயிருந்து இழுத்தோம். துணிகள், தையல் இயந்திரம், அரிசி மூட்டை எல்லாம் ஏறின. தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது, கியெமின் முழங்காலைத் தொட்டது, பிறகு இடுப்புக்கு வந்தது. கடைசியாக மூதாதையர் படங்களைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அவர் ஏணியில் ஏறினார்.

மாடியில் அக்கா சின்ன அடுப்பைப் பற்றவைத்து எங்களுக்கு மீன்கஞ்சி வைத்தார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று, "திரிங், உன் வீட்டுல மீன் உள்ளேயே வந்திருக்குமே, எனக்கு ரெண்டு அனுப்பு!" என்று கத்தினார்.

மதியம் மழை விட்டது. லியெவ் தன் படகில் குடிதண்ணீர்க் குடங்களை ஏற்றி வீடுவீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். எங்களைக் கண்டதும் நிறுத்தினாள்.

"நேத்து நான் கூப்பிட்டப்ப வானத்தப் பார்த்தீரே அண்ணே, இன்னிக்கு அந்த வானமே எறங்கி வந்திருச்சு. ஏறுங்க, குடம் தூக்கிக் குடுக்க ஆள் வேணும்!"

ஜன்னல் வழியாகவே படகில் இறங்கினோம். நேற்று தெருவுக்கு மேலே அண்ணாந்து பார்த்த பட்டு விளக்குக்கூடுகள் இன்று என் கைக்கு எட்டின. ஓட்டுக்கூரைகளின் பாசி கண்ணுக்கு நேரே பச்சையாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம், ஒரு சிரிப்பு, ஒரு நன்றி. நான் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துச் சந்தைக் கடந்தபோது கியெம் திடீரென்று லியெவின் துடுப்பைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீருக்கு மேலே ஒரு கண்ணாடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"நியுங்," என்றார் மெதுவாக. "நம்ம வண்டி."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. ஒரு திருகாணியைக்கூடத் தொலைக்காத மனிதர் யாரோ ஒருவரின் துணிகளுக்காகச் சொந்த வண்டியை மறந்திருந்தார். நான் அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தின நாள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. சேறு காய்வதற்குள் கழுவியாக வேண்டும் என்று தெருவே துடைப்பத்தோடு இறங்கியது. நாங்களும் இறங்கினோம். வண்டி மூழ்கிய விஷயம் தெரிந்து திரிங் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பைத்தியக்காரா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"மறந்தே போச்சுக்கா."

அக்கா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சற்று நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் ஸ்பானர் பெட்டியோடு வந்தார். யாரோ புது ஆயில் கொண்டுவந்தார்கள், யாரோ பிளக் கொண்டுவந்தார்கள். லியெவ் சுடச்சுட ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டுப் போனாள். கியெம் திண்டாடித் திண்டாடி எஞ்சினைப் பிரித்து, காயவைத்து, மறுபடி பூட்ட இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அக்கா எங்களை மாடியில் தன் படுக்கையில் படுக்கவைத்து, தான் துணிச்சுருள்களின் மேல் படுத்துக்கொண்டார். வாடகைப் பேச்சை எடுத்தபோது, "வாயில சேத்த அள்ளிப் போட்டுடுவேன்," என்றார்.

கிளம்பும் காலையில் வண்டி இருமியது, உறுமவில்லை.

"மெக்கானிக் வண்டியாம்!" என்று லியெவ் கூவினாள்.

தெருவே சேர்ந்து தள்ளியது. முனை திரும்பும் இடத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கியெம் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்ற பயம். நான்தான் பின்னால் திரும்பி, சேறு படிந்த அத்தனை கைகளையும் பார்த்து, கும்பிட்டுக்கொண்டே போனேன்.