ஒழுகியே தீரவேண்டிய கார்

என் வீட்டுக்காரர் ஒன்பது வருஷமாக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது வருஷத்தில் ஒரு பிள்ளையைப் பெற்று நாலாம் கிளாஸ் வரைக்கும் படிக்கவைத்திருக்கலாம். மடக்குக் கூரை வைத்த கார், இரண்டு பேர்தான் உட்காரலாம். அந்த இரண்டு பேர் அவரும் அவருடைய ஸ்பானர் பெட்டியும்.

நான் தையல்காரி. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மிஷினைப் போட்டு முட்டியை இடித்துக்கொண்டு தைக்கிறேன். கார் மட்டும் ஷெட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. இந்த லட்சணத்தில், பக்கத்து மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வருவதாக இருந்தது. திங்கட்கிழமை காலை மேலாளரம்மா நேரில் வருவார். பத்தடி மேசை போட்டுத் துணி வெட்ட இடம் இருந்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. பத்தடி இடம் எங்கள் வீட்டில் ஷெட்டில் மட்டும்தான் உண்டு.

"கார் ஒழுகாம நின்னா போதும், அன்னைக்கே வெளிய நிறுத்திடறேன்" என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

பாக்கி இருந்தது ரப்பர் பீடிங் ஒன்றுதான். கதவைச் சுற்றியும், முன்கண்ணாடிமேல் கூரை வந்து உட்காரும் இடத்திலும் தண்ணீர் நுழையாமல் ஒட்டுகிற பட்டை. ஐயா அதை அளந்தார், வெட்டினார், பத்தவில்லை என்றதும் இழுத்து ஒட்டினார். மறுநாளே ரப்பர் சுருங்கி இடது மூலையில் என் சுண்டுவிரல் நுழைந்தது. இழுத்துத் தைத்த எலாஸ்டிக் என்ன செய்யும் என்று பாவாடை கட்டின எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அவருடைய கூட்டாளி ஒருத்தர் உண்டு, குளிக்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றமாட்டார் என்று நினைக்கிறேன், அதனால் அவருக்கு வீட்டில் கேப்டன் என்று பேர். என் டீயைக் குடித்துக்கொண்டே, "இதெல்லாம் ரொம்ப நுணுக்கமான வேலைம்மா, உங்களுக்குப் புரியாது" என்றார்.

வெள்ளிக்கிழமை நானே உட்கார்ந்தேன். புதுப் பட்டையை முதலில் பசை இல்லாமல் வைத்துப் பார்த்தேன். மூலையிலிருந்து ஆரம்பித்து, இழுக்காமல் நெருக்கிக்கொண்டே போய், முடிவில் ஒரு விரல் அகலம் கூடவே விட்டு வெட்டி உள்ளே அழுத்தினேன். கதவு சுலபமாக மூடியபிறகுதான் பசை தடவினேன். சனிக்கிழமை காலை செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, கதவிடுக்கில் ஒவ்வொரு இடமாக வைத்து மூடி இழுத்தேன். ஓரிடத்திலும் உருவிக்கொண்டு வரவில்லை, கிழிந்துதான் வந்தது, பிடிப்பு அவ்வளவு இறுக்கம். ஹோஸ் பைப்பை எடுத்துவரக் கொல்லைப்பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் டார்ச்சோடு காருக்குள் தயாராக இருந்தார். நான் தண்ணீரை அடித்தேன். அரை நிமிஷம் ஆகவில்லை.

"ஒழுகுது! இடது மூலை ஒழுகுது!"

லாட்டரி விழுந்தவன் குரல் அது. எனக்குச் சுருக்கென்றது. பைப்பைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து இடது மூலையைத் தடவிப் பார்த்தேன். ரப்பரின் உதட்டுக்கு அடியில் ஒரு தீக்குச்சி.

"இது என்னங்க?"

"தீக்குச்சி."

"அது தெரியுது. அங்க எதுக்கு?"

டார்ச்சை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். "முடிஞ்சிடுச்சுன்னா நாளைலேர்ந்து நான் என்னடி பண்றது?"

இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வந்ததெல்லாம் எரிச்சல்தான். ஒரு தீக்குச்சி மறைத்து வைக்கத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியாதா? அவரிடம் வாதாடிப் புண்ணியமில்லை. குச்சியைப் பிடுங்கி எறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாவியை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். எங்கள் வீட்டில் லைசென்ஸ் எனக்கு மட்டும்தான். அவர் மூன்று தடவை தேர்வுக்குப் போய், மூன்று தடவையும் ஒரே கம்பத்தை இடித்துவிட்டு வந்தவர். கார் நாலு முறை இருமி, பிறகு உறுமி, வெளியே வந்து வாசலோரம் நின்றது. நின்ற கையோடு மழை பிடித்துக்கொண்டது. மனுஷன் வீட்டில் இருந்த ஒரே குடையைக் கொண்டுபோய்க் கார் கூரைக்குப் பிடித்தார். அவர் தொப்பலாக நனைந்ததைத் தெருவே பார்த்தது. மழை விட்டதும் கதவைத் திறந்து இடுக்கெல்லாம் தடவிவிட்டு, "ஒரு சொட்டுகூட இல்லடி" என்றார், துக்கம் சொல்ல வந்தவர் மாதிரி.

"தலையத் துவட்டிட்டு வாங்க. மேசைக்கு ஒரு பக்கம் பிடிக்கணும்."

பலகையைப் போட்டு, மேசைக்காலை முடுக்கி, நான் துணி எடுத்துவர உள்ளே போனது ஐந்து நிமிஷம் இருக்குமா? வந்து பார்த்தால் ஸ்பானர் பெட்டி திறந்திருக்கிறது. அவர் முகத்தில் அப்படி ஒரு களை.

"கால் லேசா ஆடுது பாரு. மொத்தமா பிரிச்சு, இழைச்சு, புதுசா பாலிஷ் போட்டா..."

ஒரு கால் ஏற்கெனவே கழன்றிருந்தது. ஸ்பானரைப் பிடுங்கி, காலை நானே மாட்டி, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். அவரை நம்பி அந்த ராத்திரி தூங்கியிருந்தால் விடியும்போது என் மேசை விறகாக இருந்திருக்கும், ஒன்பது வருஷத்துக்கு. காலையில் எழுந்ததும், "அந்தம்மா போற வரைக்கும் நீங்க கார்லயே உக்காருங்க. எதையும் தொடாதீங்க" என்றேன். போய் உட்கார்ந்தார்.

மேலாளரம்மா வந்தார். மேசையை அளந்தார், வெளிச்சம் பார்த்தார், "புதன்கிழமை துணி அனுப்பறேன்" என்றார். வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அந்தம்மா காரைப் பார்த்து நின்றார்.

"உள்ள ஒருத்தர் உக்காந்திருக்காரே, யாரு?"

"காரோட வந்தவருங்க" என்றேன்.

சொன்னபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது. நான் ஒட்டிய பீடிங், பேச்சுச் சத்தம்கூட உள்ளே போகாது. போயிருக்காது.