இதோவின் நீளம்

சின்னவள் தன் ஆய்வுத் தலைப்பைச் சொன்னதும் வழிகாட்டிப் பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது முகம் மாறியிருந்தது. இதைப் போட்டிக்கு அனுப்பு என்றார்.

கூப்பிட்டவுடன் 'இதோ' என்று குரல் கொடுக்கிறவர் உண்மையில் வந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது? இதுதான் ஆய்வு. பல்கலைக்கழக மாணவர் ஆய்வுப் போட்டியில் முதலிடம் பெறுகிறவருக்கு வெளிநாட்டு மாநாட்டில் பேச வாய்ப்பு. சின்னவள் மனசுக்குள் பெட்டியே கட்டிவிட்டாள்.

இதோ சொல்கிறவர்களைத் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே குவிந்து கிடந்தார்கள். மாடி வீட்டுக் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கைப்பேசியில் நேரம் பார்த்தாள். ஆய்வில் பெயர் கூடாது என்பதால் ஆளுக்கொரு எண். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இதோ சொல்லும் அப்பா ஒன்று. குளியலறைக்குள்ளிருந்து சொல்லும் அக்கா இரண்டு. அம்மா மூன்று.

சம்மதப் படிவத்தை நீட்டியபோது அம்மா, "இதோ போட்டுத் தரேன்" என்று வாங்கி வைத்தாள். மூன்றாம் நாள் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தந்தாள். வரைபடத்தில் மூன்றாம் எண்ணின் கோடு தாளைத் தாண்டி ஓடியது. அதற்காக மற்ற எல்லோரையும் குட்டையாக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, போட்டியன்று காலை அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்கும்வரை.

"நீ என்னதான் படிக்கிறேன்னு நானும் ஒருநாள் பார்க்கிறேனே."

அத்தனை பேர் நடுவில் அம்மாவைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைக்கப்போகிறோம் என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் எண்ணை எடுத்துவிடட்டுமா என்று அக்காவை ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டாள்.

"எடுத்துட்டா அப்புறம் என்னடி மிச்சம்? அப்பாவோட கொட்டாவியா?"

மிச்சம் ஒன்றும் இல்லைதான். மூன்றாம் எண் இல்லாவிட்டால் மற்றவர்கள் கொஞ்சம் தாமதமாக வரும் சாதாரண மனிதர்கள். அவர்களை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போக முடியாது. எடுக்கவில்லை. அப்படி எடுக்காத தன்னை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை.

அரங்கில் நடுவர்கள் மூவர், மேசைமேல் ஒரு மணி. கேள்வி பதிலோடு சேர்த்துப் பத்து நிமிடம். மணி அடித்த பிறகு பேசினால் மதிப்பெண் குறையும்.

மூன்றாம் எண் திரைக்கு வந்தது. ஈரத்துணி உலர்த்தும்போது கூப்பிட்டால் இதோ என்பார். துணி முழுவதையும் உலர்த்துவார். செடிக்குத் தண்ணீர் விடுவார். பக்கத்து வீட்டு அம்மாளின் முழங்காலை நலம் விசாரிப்பார். பிறகு வந்து, எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்பார். அரங்கம் குலுங்கியது. சின்னவள் பயந்துகொண்டே அம்மா இருந்த பக்கம் பார்த்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. நிம்மதியாக இருந்தது. நிம்மதிக்கு அடியில் ஏதோ உறுத்தியது.

கடைசிப் படம் முடிந்ததும் நடு நாற்காலி நடுவர் கேட்டார். "அப்போ அந்த மூணாம் எண் பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?"

பாடம் பண்ணி வைத்திருந்த பதிலைச் சொல்ல அவள் வாய் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

"இதோ, முடிச்சிடறேன்" என்றாள்.

கூரை இடிந்து விழுவதுபோல் ஒரு சிரிப்பு. ஏனென்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அம்மாவுக்குப் பக்கத்திலிருந்து அக்கா கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். அதில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவளுக்குக் காது சூடானது. ஆனால் அவள் ஏமாற்ற நினைக்கவில்லையே. அந்தச் சொல்லைச் சொன்ன நொடியில் அவள் மனசு பேசி முடித்து, மேடையை விட்டு இறங்கி, தண்ணீர்கூடக் குடித்துவிட்டிருந்தது. வாய்தான் பின்தங்கிவிட்டது. அம்மாவுக்கும் இப்படித்தானா? கூப்பிட்டதுமே மனசு ஓடி வந்து பக்கத்தில் நின்றுவிட, உடம்பு மட்டும் ஈரத்துணியோடு அங்கே நிற்குமா?

"பொய் இல்லீங்க" என்றாள். "இதோன்னு சொல்லும்போதே அவங்க வந்துடறாங்க. எனக்குத்தான் அதை அளக்கத் தெரியலை."

அதை அத்தனை சுருக்கமாகச் சொல்லி நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பாள். விளக்கினாள். மணி இன்னும் இரண்டு முறை அடித்தது.

தண்ணீர் வடிகட்டி செய்த பையன்தான் வெளிநாட்டுக்குப் போகிறான். சின்னவளுக்கு மூன்றாமிடம், மணிக்குப் பிறகு பேசியதற்காக மதிப்பெண் குறைத்தார்களாம். சான்றிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தொங்கிய முகத்தோடு அம்மா உட்கார்ந்திருந்த வரிசைக்கு வந்தாள். அம்மா கையை நீட்டினாள்.

"மூணுன்னா அது எனக்கு வந்ததுதானே? கொடு இங்க."

சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "எப்பம்மா தெரிஞ்சுது?"

"பக்கத்து வீட்டு முழங்காலை விசாரிக்கிறவ நம்ம வீட்டுல வேற யாருடி இருக்கா?"

"அப்புறம் ஏம்மா அப்படிச் சிரிச்சே?"

"சிரிப்பு வந்துது. சிரிச்சேன்." அம்மா சான்றிதழின் சுருளை மடிமேல் வைத்து நீவினாள். "மூணாம் எண்ணை விடு. உன்னை எத்தனாம் எண்ல போட்டிருக்கே?"

வாசலிலிருந்து அப்பா கூப்பிட்டார், வண்டியை எடுக்கட்டுமா என்று.

"இதோ" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, சான்றிதழை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். அக்கா கைப்பேசியை எடுத்தாள். சின்னவள் அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.