அரை ஆள்

"பொம்பளைன்னா அரை ஆள்தாம்மா. இது நான் போட்ட கணக்கில்லை. எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கறது."

கமேதா வாசலுக்குள் வந்து, பூட்ஸைக் கழற்றாமல் கீழேயே நின்றிருந்தார். சுரங்கம் ஓடிய காலத்தில் மேஸ்திரியாக இருந்தவர். இப்போது தெருச் சங்கத் தலைவர். கையில் பனி வேலை அட்டை. ஏழு வீட்டுப் பெயர்களில் ஆறுக்கு எதிரே ஒன்று என்று எழுதியிருந்தது. ஏழாவது கிகுயேயின் வீடு, மேட்டின் உச்சியில் இருப்பது. அதற்கு எதிரே அரை.

கையெழுத்துக்குப் பதிலாக அட்டையில் குத்த வேண்டிய வீட்டு முத்திரை கிகுயேயின் கையில்தான் இருந்தது. அவள் குத்தவில்லை. உள் அறையில் அவள் கணவர் தொக்குஜி படுத்திருந்தார். காகிதக் கதவுதான். இங்கே பேசுவது அங்கே கேட்கும்.

ஷிரோதானி நகரசபை திவாலாகி நாலு வருஷம் ஆகிறது. நூலகம் போயிற்று, நீச்சல் குளம் போயிற்று. அதற்கெல்லாம் இந்த மேட்டுத்தெருவில் யாரும் பெருமூச்சு விடவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த டயாலிசிஸ் மெஷின்கள் போனபோதுதான் தொக்குஜிக்கு முதல் அடி விழுந்தது. பக்கத்து நகரத்துக்குப் போய்வந்த பஸ்ஸும் பிறகு நின்றது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கிகுயேதான் பழைய காரில் அவரை ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டினாள். எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். தவறினால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கடைசியாகப் பனியள்ளும் வண்டியிலும் கைவைத்தார்கள். பத்து சென்டிமீட்டர் விழுந்தால் வந்துகொண்டிருந்த வண்டி, இனி பதினைந்து விழுந்தால்தான் வரும். பதினாலு என்றால் அது தெருக்காரர்கள் பாடு.

தெருக்காரர்கள் பழைய அட்டையைத் தூசு தட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், காலை ஐந்து மணிக்கு, ஒரு மணி நேரம். பெண் வந்தால் அரை ஆள். அவள் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டாவது மணி நேரத்தில் முக்கில் இருக்கும் குப்பைக் கூண்டையும் தீயணைப்புக் குழாயையும் தோண்டி வெளியே எடுக்க வேண்டும். சொந்த வாசலில் அள்ளுவது கணக்கில் சேராது.

கிகுயே அந்த இரண்டு மணி நேரத்துக்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை. பதினேழு வயதில் சுரங்கத்தில் ஓடும் பெல்ட்டில் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கிய கை அது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் மட்டும் அந்த இரண்டாவது மணி நேரத்தைச் சாயங்காலம் வந்து செய்கிறேன் என்றாள்.

"ஒருத்தருக்கு மாத்தினா ஏழு வீட்டுக்கும் மாத்தணும்மா. வேணும்னா உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்."

உள்ளே இருமல் சத்தம் கேட்டது. கிகுயே முத்திரையைக் குத்தினாள்.

அன்று ராத்திரி, சிறுநீரகத்துக்கு ஆகாத உப்பெல்லாம் போக இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்த சப்பென்ற முட்டைக்கோஸை மென்றபடி தொக்குஜி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ அரை. ஒடம்பு இருக்கற லட்சணத்துக்கு நானும் அரை. ரெண்டையும் ஒட்டினா ஒரு ஆள் தேறும்டி. அந்தக் கமேதாகிட்ட சொல்லு."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றாள் அவள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை நகரசபை வாசலில் நட்டிருந்த அளவுகோல் பதின்மூன்று காட்டியது. வண்டி வரவில்லை. மேட்டின் மேலே காற்று பனியை வாரிக் குவித்ததில் கிகுயேயின் வாசலில் முழங்காலளவு கிடந்தது. அளவுகோலுக்கு அது தெரியாது.

சனி, ஞாயிறு இரண்டு நாள் ரத்தம் சுத்தமாகாமல் தொக்குஜியின் முகம் ஊதியிருந்தது. கால் விரல்கள் மரத்திருக்கின்றன என்றார். எழுந்திருக்க வேண்டாம், கமேதாவிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டு ஆறேகாலுக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லி, ஸ்டவ்வை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ஷவலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வழக்கம்போல் வேலை கீழேயிருந்து தொடங்கியது. முதலில் கமேதாவின் வாசல். ஆறு ஆண்களும் அவளும். ஆறு மணிக்கு ஆறாவது வீடு வரை பாதை வந்தது. அதோடு ஆண்களின் மணி முடிந்தது. ஆறாவது வீட்டு முராசே ஷவலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான். இன்று திங்கட்கிழமை, மேலே என் வாசலை அள்ளிவிட்டுப் போய், சாயங்காலம் வந்து குழாயைத் தோண்டுகிறேன் என்று அவள் கமேதாவிடம் இன்னொரு முறை கேட்டாள். போன வாரம்தான் பக்கத்துத் தெருவில் குழாய் புதைந்து கிடந்து ஒரு வீடே எரிந்தது என்றார் அவர். அது பொய்யில்லை. கிகுயே குழாயடிக்குப் போனாள். குனிந்து அள்ளினாள். அடியில் பனி இறுகிக் கல்லாகியிருந்தது.

ஏழு மணிக்கு மேட்டில் ஓட்டமும் நடையுமாக ஏறினாள். ஆறாவது வீட்டைத் தாண்டியதும் பனி முழங்காலைப் பிடித்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது தன் வீட்டு வாசலில் கறுப்பாக ஒரு துண்டுத் தரை தெரிந்தது. யாரோ வந்து அள்ளியிருக்கிறார்கள் என்று ஒரு கணம் மனசு குளிர்ந்தது.

தொக்குஜி அந்தத் துண்டின் நுனியில் பக்கவாட்டில் கிடந்தார். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கை இன்னும் ஷவல் பிடியில் இருந்தது. ஆறடி நீளம் அள்ளியிருந்தார். சுரங்கத்தில் அள்ளிப் பழகிய ஆள். ஓரம் இரண்டும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன.

ஆம்புலன்ஸ் பக்கத்து நகரத்திலிருந்து வர நாற்பது நிமிஷம் ஆனது. ஆறாவது வீட்டோடு நின்றது. அங்கிருந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு பனியில் நீந்தி வந்தார்கள். பின்னாலேயே கமேதாவும் ஏறி வந்தார். அவசரப்பட வேண்டிய வேளை எப்போதோ தாண்டியிருந்தது.

வியாழக்கிழமை சவ வண்டி வர வேண்டும். முந்தின ராத்திரி பனி கொட்டியிருந்தது. சாவு வீட்டுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் பழைய மரியாதை. ஆறு வீட்டு ஆண்களும் ஷவலோடு வந்தார்கள். கேட்காமலே மேலேயிருந்து தொடங்கினார்கள். கறுப்பு உடையில் ஜன்னலோரம் நின்ற கிகுயே கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் வாசலிலிருந்து ஆறாவது வீட்டுக்கு, ஒரு வண்டி தாராளமாகப் போகிற அகலத்தில் பாதை வர இருபது நிமிஷம் ஆனது. வெறும் இருபது நிமிஷம்.

கமேதா உள்ளே வந்து தலை தாழ்த்தி ஊதுபத்தி ஏற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதுவும் பொய்யில்லை.

பத்து நாள் கழித்துப் புது அட்டை வந்தது. தொக்குஜியின் பெயரை அடித்துவிட்டுக் கிகுயேயின் பெயரை எழுதியிருந்தார்கள். எதிரே அதே அரை. அவள் முத்திரை குத்தினாள்.

அடுத்த பனி பன்னிரண்டு சென்டிமீட்டர். ஐந்து மணிக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்காமல் அள்ளினாள். இளவட்டமான முராசேகூட அவளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆறு மணி அடித்ததும் ஷவலைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏம்மா, குழாய் அப்படியே கிடக்கே. உனக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி" என்றார் கமேதா.

அவள் நின்றாள்.

"அது அவரோட அரை, தலைவரே. அன்னிக்கே செஞ்சு முடிச்சிட்டுத்தான் போனாரு. ஆறடி. நேரா இருந்துச்சு, நீங்கதான் பார்த்தீங்களே."

ஆறாவது வீட்டு வாசலில் பாதை முடிந்தது. அங்கிருந்து கிகுயே முழங்கால் பனியில் ஒவ்வோர் அடியாகக் காலை ஊன்றி, தன் வீட்டுக்கு ஏறிப் போனாள்.