ஞானத்தகப்பனின் பதில்

1958 மே மாதம். நாகப்பட்டினம் ரயில் புறப்படக் கொஞ்ச நேரமே இருந்தபோது அற்புதசாமி திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தார். டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த தம்பி மகன், மூன்று வயது இருதயநாதனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்ட பிறகுதான் தம்பியைப் பார்த்தார்.

"நீயும் லூர்துவும் போயிட்டு வாங்க. பிள்ளைங்க ரெண்டும் பாலக்கரையில என் வீட்டுல இருக்கட்டும்."

லூர்துராணிக்கு இது புதிதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போகிறார்கள். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் தொழுநோயாளர் விடுதியில் இரண்டு வருஷம் அவள் நர்ஸ். கணவன் சகாயநாதன் கம்பவுண்டர். முடிவான நாளிலிருந்து மூத்தார் அற்புதசாமி இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் கப்பலேற மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைகள் நின்றால் பயணமே நின்றுவிடும்.

"அங்க எங்களுக்கு வீடு தனி மாமா. நோய்க்கு இப்ப மாத்திரை வந்தாச்சு. டாக்டரும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னுட்டார்."

"ஸ்ரீரங்கத்துல கொள்ளிடக் கரையில உக்காந்து நீ நோயாளிங்க புண்ணுக்குக் கட்டுப் போட்டப்ப நான் தடுத்தேனா? அது உன் உடம்பு. இது பிள்ளைங்க."

"அந்தக் கையாலதான் மாமா வீட்டுக்கு வந்து சமைச்சேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து நீங்களும் சாப்பிட்டீங்க. ரெண்டாந்தரம் குழம்பு வேற கேட்டீங்க."

பெட்டியருகே நின்ற போர்ட்டர் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அற்புதசாமியின் குரல் தணிந்தது. "பெரியப்பனா மட்டும் பேசலை. ரெண்டு பேருக்கும் ஞானத்தகப்பன் நான். கோயில்ல நின்னு பதில் சொன்னவன்."

ஞானஸ்நானத்தின்போது சாமியார் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம், பேச்சறியாத குழந்தைக்காக வாய் திறப்பவர் ஞானத்தகப்பன். பாலக்கரைக் கோயில் பங்கில் அந்த உறவை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சகாயநாதன் தலையைக் குனிந்தான். பெட்டியின் பிடியைப் பற்றியிருந்த அவன் கை நழுவியதை லூர்துராணி கவனித்தாள்.

"பேட்ரிசியாவுக்கு ஏழு வயசு ஆச்சு மாமா. விவரம் தெரிஞ்ச வயசுன்னு ஈஸ்டருக்கு முதல் நற்கருணை கொடுத்தாங்க, புதுநன்மை வாங்கிட்டா. இனிமே அவ பதிலை அவதான் சொல்லணும்னு சாமியாரே சொன்னார். கேட்டுப் பாருங்க."

அற்புதசாமி குனிந்து கேட்டார். "பெரியப்பா வீட்டுல இருக்கியாம்மா? தினமும் பன்னு வாங்கித் தரேன்."

பேட்ரிசியா யோசித்தாள். "கப்பல்ல பன்னு கிடைக்குமாம்மா?"

"தெரியலை."

"சரி, போய்ப் பாக்கலாம்" என்று அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அற்புதசாமி நிமிர்ந்தார். "அவ போகட்டும். பையன் இன்னும் புதுநன்மை வாங்கலையே. இவன் பதில் என்கிட்டதானே இருக்கு?"

லூர்துராணி இதை எதிர்பார்க்கவில்லை. அவள் சொன்ன நியாயத்தையே அவர் திருப்பிப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் கார்டு பச்சைக் கொடியைக் கையில் எடுத்தார்.

"சொல்லுங்க மாமா, கேட்டுக்கறேன்."

"இவன் போக வேண்டாம். இதுதான் பதில்."

"கேட்டுக்கிட்டேன்." அவள் கைகளை நீட்டினாள். "ஞானஸ்நானத்துல சாமியார் பசாசை விட்டுடறியான்னு கேட்டப்ப இவனுக்காக விட்டுடறேன்னீங்க. பயத்தை விடச் சொல்லி உங்களை யாரும் கேக்கலை. அது உங்ககிட்டயே இருக்கட்டும். பிள்ளையைக் கொடுங்க."

அவர் கொடுக்கவில்லை. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாத சகாயநாதன் நேரே வந்து, அவர் தோளிலிருந்து பையனைப் பிரித்தெடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். அவன் பின்னால் லூர்துராணியும் ஏறினாள்.

இழுத்த இழுப்பில் பையனின் ஒரு செருப்பு அற்புதசாமியின் கையில் தங்கிவிட்டது. வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பிகளுக்கிடையே அவள் கையை நீட்டினாள்.

"செருப்பைக் கொடுங்க மாமா."

"இதாவது இங்க இருந்துட்டுப் போகட்டுமே."

"அங்க நோயாளிங்க பிள்ளைங்களும் இருக்கும். இவன் அதுங்களோட ஓடியாடி விளையாடணும். வெறுங்காலோட எப்படி?"

அவர் வண்டியோடு நடந்தார். நடை ஓட்டமானது. பிளாட்பாரம் முடியப்போகும் இடத்தில் செருப்பு அவள் கைக்கு வந்தது. அவள் அதைப் பையனின் காலில் மாட்டி, வாரை இறுக்கினாள்.