கலைந்ததும் கலைத்ததும்

டாக்டரம்மா ஸ்கேன் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டபோதே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒன்பதாவது வாரம். அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள்; கோளாறு எந்த மூலையில் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

"துடிப்பு இல்லம்மா. ஏழு வாரத்தோட வளர்ச்சி நின்னுபோயிருக்கு."

"பேப்பர் கட்டெல்லாம் தூக்கினேன் டாக்டர். மாடி ஏறி இறங்கினேன்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பெரும்பாலும் கரு உருவாகும்போதே குறை இருந்திருக்கும். நீங்க எதுவும் பண்ணல."

மூன்று வழி சொன்னார். தானாக வெளியேறும்வரை காத்திருக்கலாம், மாத்திரை போடலாம், மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்யலாம். நின்றுபோனதைச் சுமந்துகொண்டு இன்னொரு வாரம் மெய்ப்புப் பார்க்க அவளால் முடியாது. மாத்திரை என்றாள். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஓடிவர வேண்டும் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

கணவன் லாரியோடு வெளியூரில் இருந்தான், போன் கிடைக்கவில்லை. நாத்தனார்தான் வெந்நீர் வைத்தாள், துணி அலசினாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலி இடுப்பைப் பிளந்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோது வந்துவிட்டது. கட்டைவிரல் அளவுகூட இல்லை. பார்த்தாள். பிறகு தண்ணீர் ஊற்றினாள். ஊற்றியிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறாள்.

மூன்றாம் நாள் வந்த கணவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"என்ன கேக்கணும்?"

"நீ கலைச்சிட்டேன்னு தங்கச்சி சொன்னா. ஆஸ்பத்திரிச் சீட்டுலயே அபார்ஷன்னு போட்டிருக்காமே."

கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்த அன்று, "இப்பவேவா? ஒரு வருஷம் போகட்டும்னுல்ல இருந்தேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் அதை மறக்கவில்லை. அவளும்தான்.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் கொடுமை. மறு ஸ்கேனுக்கு அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே எல்லாம் வெளியேறிவிட்டது என்றார் டாக்டர். சீட்டைக் காட்டிக் கேட்டான் கணவன்.

"எங்க பாஷையில தானா போனாலும் அபார்ஷன்தான் சார். உயிர் போய் ரெண்டு வாரம் கழிச்சுதான் மாத்திரையே. உடம்புக்கு விஷயம் தெரியல, அதைச் சொல்லத்தான் மருந்து."

"வீட்ல காட்டணும் டாக்டர், தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றாள் அவள்.

"என் தமிழைப் பார்த்தா எங்க வாத்தியார் இப்பவும் அடிப்பாரு" என்றபடி டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

பஸ் நிறுத்தத்தில் பிரித்துப் படித்தாள். 'கரு தானாகவே கலைத்தது.' நகரம் இருக்க வேண்டிய இடத்தில் தகரம். ஒரே எழுத்து. 'தானாகவே'கூட இப்போது அவளைப் பார்த்து விரல் நீட்டியது. கைப்பழக்கத்தில் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, 'த்'தை அடித்து ஓரத்தில் 'ந்' போட்டாள். போட்ட பிறகுதான் உறைத்தது.

"நீயே திருத்தினா தங்கச்சி நம்புவாளா?" என்றான் கணவன்.

"நீங்க?"

அவன் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்துத் தங்கையை அழைத்து, மனைவிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"இந்தா பாரு, உங்க அண்ணி கலைக்கல. கலைஞ்சுபோச்சு. புரியுதா? அதுவா கலைஞ்சுபோச்சு."

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

"எல்லாம் ஒண்ணுதானேண்ணா, போனது போனதுதானே. சரி, வரும்போது துணி சோப்பு வாங்கிட்டு வாங்க."

பஸ் வந்தது. ஏறவில்லை. முதலில் சோப்பு வாங்கினார்கள்.