மாடியில் மூட்டிய அடுப்பு

இப்போதெல்லாம் சனம் கடதாசியைக் கண்டால் சாமியைக் கண்ட மாதிரிக் கும்பிடுகிறது. எவனோ ஒருவன் கதிரையில் இருந்துகொண்டு நாலு வரி வாசித்தால் போதும். வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்கிறது. யார் எழுதினான், எதற்கு எழுதினான் என்று ஒருத்தன் கேட்கிறானா? வீரையாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால், அவரும் இருபது குடும்பமும் பற்றை வெட்டிக் கொட்டில் போட்ட நிலத்தில், பெரிய வீட்டுத்திட்டம் ஒன்று எழும்பி நின்றது. தெருப்பக்கம் பதினாறு கடை, கடைகளுக்கு மேலே மாடிவீடுகள், பின்னால் வரிசை வரிசையாக அறுபது வீடு. கொட்டில்காரருக்கெல்லாம் வீடு நிச்சயம் என்று கமிட்டித் தலைவர் ராஜரத்தினம் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பேர் வாசித்துச் சாவி கொடுப்பாராம்.

மகள் பேச்சியம்மாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். மாரி தொடங்கினால் கொட்டிலுக்குள் முழங்கால் தண்ணீர். போன மாரியில் அவளுக்குப் பிறந்த பிள்ளை அந்த ஈரத்தில்தான் சளி கட்டிச் செத்தது. இந்தப் பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டும். வீரையாவுக்கு வேறு யோசனை இல்லை.

"வீட்டு லிஸ்ட்டுல ஒங்க மக பேரு இருக்கு மாமா. எட்டாம் நம்பரு. என் கண்ணால பாத்தேன்," என்றான் மருமகன் ஆண்டியப்பன். அவன் அந்தக் கட்டடத்திலேயே மேசன் வேலை செய்கிறவன்.

"ராஜரத்தினம் குடுக்கிற கூலிய வாங்கித் திங்கிறவன் வேற என்னத்தச் சொல்லுவ?"

"அதே சோத்தத்தான் நீங்களும் திங்கிறீங்க."

வீரையா காறித் துப்பினார். எழுபத்தேழுக் கலவரத்தில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் ஒரு கடதாசியை வாசித்தார். பொலிஸ் காவலுக்கு வருகிறது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை விட்டு ஒருவரும் போகவேண்டாம் என்று. வீரையாவின் பெண்சாதி வடிவம்மா அதைக் கேட்டு, கட்டிய மூட்டையை அவிழ்த்து வைத்தாள். அன்று பின்னேரமே கலவரக்காரர் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். வெளியே ஓடி வந்தவளை வாசலிலேயே வெட்டினார்கள். தேயிலைக்குள் கிடந்து வீரையா பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கே ஓடிவந்து நாலு வருசமாகியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பரா காலியானால், முதலில் அடுப்பு மூட்டுகிறவர்களுக்குத்தான் அது. எரிகிற அடுப்பைக் காலால் தட்டக் கங்காணிக்கும் மனம் வராது. அந்த வழக்கம் மனிதருக்குள் இருந்தது. எவனும் எழுதி வாசித்ததில்லை.

வியாழன் விடிந்ததும் ஆண்டியப்பன் வேலைக்குப் போய்விட்டான். வீரையா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகினார். தோட்டத்திலிருந்து அவர் கொண்டுவந்தது அது ஒன்றுதான். பக்கத்துக் கொட்டில் பொன்னையாவையும் இன்னும் ஆறு ஆம்பிளைகளையும் கூட்டிக்கொண்டு, மகளை முன்னால் நடத்தினார். தெருவில் போகிறவன் வருகிறவன் புகையைப் பார்க்கவேண்டும் என்று மாடிவீடு ஒன்றையே தெரிந்தெடுத்தார். பொன்னையா அலவாங்கால் பூட்டை நெம்பினான்.

அதற்குக் கீழ்க்கடை வியாபாரி முத்தலிப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. தண்ணீரூற்றுக் கிராமத்திலிருந்து வந்து, முன்கூட்டியே மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் வெளியே ஓடிவந்தார்.

"வீரையாண்ணை, அது மாடி. நிலமெண்டு நினைச்சியளோ? கீழ என்ர சரக்குக் கிடக்கு!"

"ஒங்க சரக்கு தின்னாது மொதலாளி. நாங்க திங்கணும்."

மூன்று கல் வைத்து, விறகு அடுக்கி, பேச்சியம்மா நெருப்பு மூட்டினாள். சட்டியில் பச்சையரிசியும் பாலும். புகை யன்னலால் தெருவுக்குப் போனது. வீரையா முதல்முறையாகச் சிரித்தார்.

அரைமணித்தியாலம் கழியவில்லை. நிலத்துச் சீமெந்து இன்னும் முழுதாகக் காயாதது. தணலின் சூட்டில் உள்ளீரம் கொதித்து, நிலம் துவக்கு வெடித்த மாதிரிப் படாரென்று வெடித்தது. சட்டி பறந்தது. சுட்ட சீமெந்துச் சில்லு ஒன்று பேச்சியம்மாவின் கன்னத்தைக் கிழித்தது. இரண்டாம் வெடி. மூன்றாம் வெடி.

வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்த கட்டடக் காவல்காரருக்கு அது அடுப்பென்று எப்படித் தெரியும்? மேலே எவனோ சுடுகிறான் என்று பிக்காசுப் பிடிகளோடு படியேறினார்கள். புகைக்குள் ரத்தம் வடிய நின்ற மகளையும், தடிகளோடு வந்தவர்களையும் வீரையா ஒன்றாகக் கண்டார். அவர் கண்ணுக்குள் லயம் மறுபடி எரிந்தது.

"வந்துட்டானுங்கடா! வெட்டுங்கடா!"

முதல் அடி பொன்னையாவின் வாயில் விழுந்தது. பல்லோடு ரத்தத்தைத் துப்பிக்கொண்டே அலவாங்கை வீசினான். ஒரு காவல்காரனின் முழங்கை முறிந்து பின்பக்கமாக மடங்கியது. படிக்கட்டுக்குக் கைபிடி இன்னும் கட்டவில்லை. இன்னொருவனை இரண்டு பேர் நெஞ்சில் உதைத்துத் தள்ள, அவன் கீழே கிடந்த கம்பிக் குவியலில் விழுந்தான். தொடையில் ஏறிய கம்பி மறுபக்கம் வந்தது. அவன் அலறிய அலறலில் சந்தைக்குள் நின்ற மாடுகள் கயிறறுத்தன.

அந்த அமளிக்குள் ஒருவன் கையை உயர்த்திக்கொண்டு படியால் ஓடி வந்தான். புகையில் முகம் தெரியவில்லை. உயர்ந்த கையில் வெள்ளையாக ஒரு கடதாசி மட்டும் தெரிந்தது.

வீரையா அந்தக் கடதாசியைத்தான் வெட்டினார்.

"மாமா!"

ஆண்டியப்பனின் வலக்கை விரல் இரண்டு படியில் விழுந்தன. அவற்றின் மேல் கடதாசி விழுந்து நனைந்தது. சீமெந்து பூசும் அகப்பை பிடிக்கிற கை. பேச்சியம்மா சேலைத் தலைப்பைக் கிழித்து அவன் கையை இறுக்கிக் கட்டினாள். அவள் அழவில்லை. தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குள் ராஜரத்தினம் வந்துவிட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது. சண்டை தானாக நின்றது. முத்தலிப்பு தன் சைக்கிளிலேயே கம்பி ஏறியவனுக்கு வாகனம் தேடிப் போனார்.

"பேர்க் கடதாசியைக் காட்டச் சொல்லி நான்தான் இவனிட்டக் குடுத்துவிட்டனான்," என்றார் ராஜரத்தினம். "நீர் மூட்டின அடுப்பு ஆரின்ர வீட்டில தெரியுமே? பொன்னையான்ர வீடு. உம்மட சனத்தின்ர வீட்டைத்தான் உடைச்சிருக்கிறீர்."

பொன்னையா உடைந்த வாயைப் பொத்திக்கொண்டு குந்தினான்.

பேச்சியம்மா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். ரத்தக் கடதாசியை எடுத்து விரல் வைத்து வாசித்தாள். "எட்டு. வீரையா பேச்சியம்மா. என் பேருதான்ப்பா."

"ஒனக்குக் காட்டத்தான் எழுதியிருப்பான். குடுக்கிறதுக்கு வேற ஒன்னு வச்சிருப்பான்," என்றார் வீரையா.

"எட்டாம் வீடு இவவுக்குத்தான்," என்றார் ராஜரத்தினம். "ஆனா இந்தாள் அதுக்குள்ள கால் வைக்கக் கூடாது. வைச்சால் சாவி இல்லை."

எல்லாரும் பேச்சியம்மாவைப் பார்த்தார்கள். அவள் புருஷனின் கையை மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றைத் தடவினாள்.

"நீங்க போங்கப்பா," என்றாள்.

வீரையா கத்தியைச் சாரத்தில் துடைத்தார். படியில் கிடந்த விரல்களை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து இறங்கினார்.

"பொலிஸ் வரமுன்னம் பரந்தன் பக்கமாப் போங்கோ," என்று யாரோ சொன்னார்கள்.

அவர் ஓடவில்லை. தெருவுக்கு வந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மாடி யன்னலில் இன்னும் கொஞ்சம் புகை வந்துகொண்டிருந்தது.

"நாளைக்குச் சாவி குடுப்பானாம்," என்றார், எதிரே சைக்கிளில் வந்த ஒருவனிடம். அவன் கத்தியைக் கண்டு விலகி மிதித்தான். "குடுக்கட்டுமே பாப்பம்." சொல்லிக்கொண்டே வடக்கே நடந்தார்.