மணிக்கூட்டுப் பெட்டி

சபாரத்தினத்துக்கு விசர் என்று மாத்தளைக்குப் பக்கத்து யட்டவத்தையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மனதுக்குள் வைத்துக்கொண்டார்கள். நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிற மனுசன், நாற்பது தாண்டிய பிறகு, முன்னறைச் சுவரை அடைக்கிற மரச் சட்டம் ஒன்றுக்குள் பெட்டி பெட்டியாக மின்சாரக் கருவி செய்து பூட்டினால் வேறென்ன நினைப்பார்கள்? அதற்கு சிந்தசைசர் என்று பெயர், ஒரு வகை மின்சார வாத்தியம். ஒரு பெட்டி சத்தத்தை உண்டாக்கும், இன்னொன்று அதை மழுக்கும், மற்றொன்று நடுங்க வைக்கும். முன்பக்கத்தில் வயர்களைக் குத்தி ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அத்தனை பாடுபட்டும் வந்தது என்னவோ 'ஊ' என்ற ஒரே இழுவைதான். தாளம் கொடுக்க ஒரு பெட்டி குறைந்தது. டிக், டிக் என்று ஒரே சீராகத் துடிப்பு அனுப்பி, மற்றப் பெட்டிகளைத் தானாக ஆட வைக்கிற பெட்டி. ஒரு வருஷமாக அவருக்கு அதே நினைப்பு.

தொண்ணூற்றாறாம் வருஷத்தில் ஒரு தமிழன் வீட்டில் வைத்துச் செய்கிற வேலையா இது என்று மனைவி பாலேஸ்வரி கேட்டாள். நியாயமான கேள்வி. அவரோ மூன்று மாதக் குழந்தையிலிருந்து மாத்தளைத் தண்ணீர் குடித்தவர். ஆனால் தலைப்பிரசவத்துக்கு அம்மா தாய்வீடு போனதால், அடையாள அட்டையில் பிறந்த இடம் சண்டை நடக்கிற வடக்கிலுள்ள பருத்தித்துறை என்று இருந்தது. சோதனைச் சாவடிகளில் யாரும் அந்தத் தண்ணீரைக் கேட்பதில்லை, அட்டையைத்தான் கேட்பார்கள்.

ஒளித்து வைத்தால்தான் சந்தேகம் வரும் என்பது சபாரத்தினத்தின் கட்சி. அதனால் எல்லாவற்றையும் முன்னறையிலேயே வைத்தார். வருகிற ஆமிக்காரன் வாசித்து விளங்கிக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் சிங்களத்தில் அழகாக எழுதி ஒட்டினார். தாளத்துக்கென்று செய்து முடித்த புதுப் பெட்டிக்கும் ஒட்டினார்: 'ஒரலோசுவ', அதாவது மணிக்கூடு. குண்டு மாதிரி வயர் மண்டிக் கிடக்கிற பெட்டியில் மணிக்கூடு என்று தன் கையாலேயே எழுதி ஒட்டுகிற அறிவாளி இந்த மாவட்டத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை புதுப் பெட்டியைச் சட்டத்துக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். அதற்கு மின்சாரம் ஒரு பட்டை வயரால் போகும். அந்த வயரின் ஒரு கரை சிவப்பு. சிவப்புக் கரை கீழே இருக்க வேண்டும். மாறிக் குத்தினால் மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து, உள்ளே இருக்கிற துண்டுகள் பட்டென்று வெடித்துப் புகையும். அதனால் ஸ்குரூ முடுக்குமுன் டோர்ச் அடித்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். அன்றைக்கு வயரைக் குத்தின கையோடு வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. தொங்குகிற வயர்கள் கண்ணில் படக்கூடாதே என்ற பதற்றத்தில், பார்க்காமலே முடுக்கிவிட்டார்.

வந்த ஆமி அதிகாரி இளவயதுக்காரன், மரியாதையானவன்தான். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தான், சிரிக்கக்கூடச் செய்தான். புதுப் பெட்டிக்கு முன்னால் சிரிப்பு நின்றது. எதற்கு மணிக்கூடு என்று கேட்டான். தாளத்துக்கு என்றார் சபாரத்தினம். அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தான். பிறகு எல்லாரையும் ரோட்டுக்குப் போகச் சொன்னான், பாலேஸ்வரியையும்தான்.

“நாங்க வெளிய போனதும் சுவிட்சை நீயே போடு,” என்றான் சிங்களத்தில். “ஜன்னலாலே உன்னைப் பார்த்துக்கொண்டிருப்போம்.”

ஒரு நிமிஷம் தந்தால் பெட்டியைக் கழற்றி உள்ளே பார்த்துவிடுகிறேன் என்று சபாரத்தினம் கெஞ்சினார். ஸ்குரூவில் கை வைத்தால் சுடுவோம் என்று பதில் வந்தது.

அறையில் தனியாக நின்றார். போடாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள், அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. போட்டு, சிவப்புக் கரை மேலே இருந்து, பட்டென்று ஒரு சத்தமும் கொஞ்சம் புகையும் வந்தால் போதும், வெளியே ஜன்னலை நோக்கி நீட்டியிருக்கிற துவக்கு காத்திருக்காது. கீழேயா மேலேயா? தன் கை செய்த வேலை தனக்கே ஞாபகமில்லை. பாலேஸ்வரியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போடலாம் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஆமிக்காரர்கள் மதிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பாலேஸ்வரியும் குந்தியிருந்தாள். யாரும் அவளைப் பிடித்து இருத்தவில்லை. தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சிவப்புக் கரை எங்கே இருந்தால் என்ன என்று ஆகிவிட்டது. சுவிட்சைப் போட்டார்.

டிக். சின்ன பல்பு மினுங்கியது. டிக். அந்தப் பழைய இழுவை துண்டு துண்டாக உடைந்து, ஏறி, இறங்கி, தானாகவே நடக்கத் தொடங்கியது. ஒரு வருஷமாக அவர் மனதுக்குள் கேட்டது அப்படியே வந்தது.

அதிகாரி உள்ளே வந்து கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். குமிழைத் தானே திருகி வேகத்தைக் கூட்டிப் பார்த்தான். போகும்போது ஒரு கட்டளை போட்டான்: ரோட்டில் எல்லா வீடும் சோதித்து முடியும்வரை இது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் திரும்பி வருவோம்.

பாலேஸ்வரி வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் அது துடித்துக்கொண்டிருந்தது. தான் காதைப் பொத்தியதை சபாரத்தினம் பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

“இத்தனை வருஷமா உங்களைத் தெரியும்னுதான் நெனச்சிருந்தேங்க,” என்றாள் மெல்ல. “மதிலுக்குப் பின்னால குந்தினப்பதான், தெரியலைன்னு தெரிஞ்சுச்சு.”

எழும்பி உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது அவருக்கு. பெட்டி தானாக நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், இருவரும் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் இன்னும் இரண்டாவது வீட்டு வாசலைத் தாண்டவில்லை.